தீராத கேஸும் திறக்காத வாயும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல தீராத கொலை கேஸ்களைப் பத்தி ஒரு பதில்ல ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்து குவிஞ்ச கடிதத்தையும் மெயிலையும் பாத்துட்டு இந்த இதழ் பூரா அதுக்கே குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால யார் பேரையும் போடல.

கேள்வி (ஒரு கல்லூரி மாணவர்): சார், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பழைய கேஸு, மேப்பு, டைம்லைன்னு உக்காந்துட்டு இருக்கேன், ரூம்ல இருக்கறவங்க எல்லாம் உனக்கு எதுக்குடா இந்த வேலைங்கறாங்க. போலீஸ் இல்லாத ஒரு சாதாரண ஆளால நிஜமாவே எதாவது கேஸ் தீர்ந்திருக்கா, இல்ல அதெல்லாம் சினிமாவுல மட்டும்தானா?

பதில்: தீர்ந்திருக்கு தம்பி. 1968 மே மாசம் அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துல ஜார்ஜ்டவுன் பக்கத்துல, தந்திக் கம்பத்துல இருந்து விழுந்து கெடக்குற கண்ணாடி இன்சுலேட்டர் பொறுக்கப் போன ஒருத்தர், டென்ட் துணி மாதிரி ஒண்ணுல சுத்திக் கட்டின ஒரு பொண்ணோட உடலைப் பாக்குறார். யாருன்னு கண்டுபிடிக்கவே முடியல, ‘டென்ட் கேர்ள்’னு பேர் வெச்சு புதைச்சிட்டாங்க. அந்த மனுஷனோட பொண்ணக் கல்யாணம் பண்ணவர் டாட் மேத்யூஸ், டென்னசியில ஒரு ஃபேக்டரி தொழிலாளி. மாமனார் சொன்ன அந்த விஷயம் அவரை விடல, வருஷக்கணக்கா தேடுறார், இன்டர்நெட் வந்ததும் வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ராத்திரியா காணாமப் போனவங்களப் பத்தி குடும்பத்துக்காரங்க போட்ட அறிவிப்பா படிச்சிட்டே இருக்கார். 1998 ஜனவரியில ஒரு தங்கச்சி தன்னோட அக்காவத் தேடி போட்ட அறிவிப்பு கண்ல படுது, அக்கா கடைசியா இருந்தது லெக்சிங்டன், 1967 கடைசியில காணாமப் போனவங்க, அடையாளமும் ஒத்துப் போகுது. போலீஸ்கிட்ட கொண்டு போறார், குழியைத் தோண்டி டி.என்.ஏ. எடுத்துப் பாத்தாங்க, அவங்களேதான். முப்பது வருஷம் கழிச்சு கல்லறையில ஒரு பேர் வந்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு, அந்த உடலுக்கு 16ல இருந்து 19 வயசுக்குள்ள இருக்கும்னு முதல்ல கணிச்சிட்டாங்க, நிஜ வயசு 24. அந்த கணிப்பையே புடிச்சிட்டு தேடியிருந்தா இந்த அறிவிப்பத் தாண்டிப் போயிருப்பார்.

இன்னொண்ணு, ஸோடியாக் கொலைகாரன். 1968, 69ல வடக்கு கலிஃபோர்னியாவுல கொலை பண்ணிட்டு பேப்பர் ஆபீசுக்கு சங்கேத எழுத்துல லெட்டர் போட்டவன், இன்னிக்கு வரைக்கும் ஆள் அகப்படல. 1969 ஜூலை கடைசியில மூணு பேப்பருக்கு மூணு துண்டா அனுப்பின 408 எழுத்து சங்கேதத்த உடைச்சது யாரு தெரியுமா, டொனால்ட் ஹார்டன்னு ஒரு ஸ்கூல் வாத்தியாரும் அவர் மனைவி பெட்டியும், சுமார் ஒரே வாரத்துல. இவன் தற்பெருமை புடிச்சவன், ‘நான்’னுதான் ஆரம்பிப்பான், ‘கில்’ (kill, அதாவது கொல்)ங்கற சொல் கண்டிப்பா இருக்கும், அதுல ஒரே எழுத்து ரெண்டு தடவ அடுத்தடுத்து வரும்னு அந்தம்மா யோசிச்சாங்க, அந்த இடத்துலதான் பூட்டு திறந்துச்சு. அடுத்து நவம்பர்ல வந்த 340 எழுத்து சங்கேதம் 51 வருஷம் அசையவே இல்ல, 2020 டிசம்பர்ல அமெரிக்காவுல ஒரு சாஃப்ட்வேர் காரர் டேவிட் ஒரான்சாக், ஆஸ்திரேலியாவுல கணித ஆய்வாளர் சாம் பிளேக், பெல்ஜியத்துல யார்ல் வான் ஐக், இந்த மூணு பேரும் சேந்து, எழுத்த எந்த வரிசையில படிக்கணும்னு லட்சக்கணக்கான வழியில கம்ப்யூட்டர ஓட விட்டு உடைச்சாங்க, எஃப்.பி.ஐ.யும் சரின்னு சொல்லிடுச்சு. உள்ள கொலைகாரன் பேர் இல்ல. ஆனாலும் அம்பது வருஷமா அதுக்குள்ள இந்தப் பேர் இருக்கு, அந்தப் பேர் இருக்குன்னு ஆளாளுக்கு ஒருத்தர குற்றவாளியாக்கிட்டு இருந்தாங்களே, அது அத்தனையும் ஒரே நாள்ல விழுந்துச்சு.

இவங்க எல்லாருமே கையில எடுத்தது ஒரு பொருள, ஒரு பேப்பர, ஒரு லிஸ்ட. எந்த மனுஷன் மேலயும் விரல நீட்டல. முடிவு சரியா தப்பான்னு இன்னொருத்தர் சரிபாக்க முடியுற மாதிரி வேலை பண்ணாங்க. நீங்க ராத்திரி முழிச்சிருக்கறது தப்பே இல்ல தம்பி, அடையாளம் தெரியாத உடல்களும் காணாமப் போனவங்க லிஸ்டும் எல்லா நாட்டுலயும் மலை மாதிரி கெடக்கு, அத ஒப்பிட்டுப் பாக்க பொறுமையான கண்ணு வேணும், அதுக்கு சம்பளத்துக்கு ஆள் போட்டு மாளாது.

கேள்வி (அதே மாதிரி ஆர்வம் உள்ள இன்னொரு வாசகர்): ஒரு கேஸ்ல யார் பண்ணிருப்பான்னு எனக்கு கிட்டத்தட்ட உறுதியா தெரியுது. சோஷியல் மீடியாவுல போட்டோவோட போட்டா போலீஸ் கண்ல சீக்கிரம் படும்தானே, நாலு பேர் ஷேர் பண்ணா ப்ரஷரும் இருக்கும்ல?

பதில்: தயவு செஞ்சு போடாதீங்க. கெஞ்சித்தான் கேக்குறேன்.

2013 ஏப்ரல் 15, பாஸ்டன் மாரத்தான்ல குண்டு வெடிச்சு மூணு பேர் செத்தாங்க, 260 பேருக்கு மேல காயம். அடுத்த மூணு நாள் ரெடிட்ங்கற இன்டர்நெட் தளத்துல ஆயிரக்கணக்கான பேர் கூட்டத்துல எடுத்த போட்டோவெல்லாம் பெரிசு பண்ணி, யார் முதுகுல பேக் இருக்கு, யார் தனியா நிக்கிறான்னு வட்டம் போட்டு அலசினாங்க. எல்லாருக்கும் உதவணும்ங்கற எண்ணம்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அதுல ஒரு மாசமா காணாமப் போயிருந்த ஒரு காலேஜ் பையன் பேர் அடிபட்டுச்சு. அவனைத் தேடி குடும்பம் ஃபேஸ்புக்ல ஒரு பக்கம் வெச்சிருந்தாங்க, எங்க புள்ளையப் பாத்தா சொல்லுங்கன்னு, அந்தப் பக்கத்துலயே போய் கொலைகாரக் குடும்பம்னு திட்ட ஆரம்பிச்சிட்டாங்க, கடைசியில அவங்க பக்கத்தையே எடுக்க வேண்டியதாப் போச்சு. பையன் உடல் சில நாள் கழிச்சு ஆத்துல கிடைச்சுது. குண்டு வெடிக்கறதுக்கு முன்னாடியே அவன் உயிரோட இல்ல. உண்மையான குற்றவாளிங்க வேற ரெண்டு பேர். இன்னொரு ரெண்டு அப்பாவிப் பசங்க போட்டோவ ஒரு பேப்பர் முதல் பக்கத்துலயே போட்டுச்சு. எஃப்.பி.ஐ. 18ம் தேதி சந்தேக நபர்கள் படத்த வெளியிட்டதுக்கு இப்படி தப்பான ஆளுங்க மாட்டறத நிறுத்தணும்ங்கறதும் ஒரு காரணம்னு அப்பவே செய்தி வந்துச்சு, அதாவது உதவி பண்றோம்னு கெளம்பினவங்களால விசாரணையோட ஓட்டமே மாறிடுச்சு.

உங்களுக்கு கிட்டத்தட்ட உறுதின்னு எழுதியிருக்கீங்க. அந்த கிட்டத்தட்டங்கறதுக்குள்ள ஒரு மனுஷன் இருக்கான், அவனுக்கு அம்மா அப்பா இருக்காங்க, போஸ்ட டெலிட் பண்ணாலும் ஸ்கிரீன்ஷாட் போகாது. உங்ககிட்ட இருக்கறத ஒரு பக்கத்துல எழுதுங்க, எத எங்க பாத்தீங்க, எது உங்க ஊகம்னு தனித்தனியா பிரிச்சு எழுதுங்க, விசாரிக்கற அதிகாரிகிட்ட குடுத்து ரசீது வாங்குங்க. பதில் வரலன்னா மேல உள்ளவருக்கு எழுதுங்க. மெதுவாத்தான் நடக்கும், ஆனா தப்பா இருந்தா யாரும் சாக மாட்டாங்க.

கேள்வி (ஒரு வாசகி): அண்ணா, இத யார்கிட்டயும் சொன்னதில்ல. சில வருஷம் முன்னாடி ஒரு சம்பவம் நடந்த ராத்திரி ஜன்னல் வழியா ஒருத்தர் ஓடுறதப் பாத்தேன். பயத்துல சொல்லல. அந்த கேஸ் இன்னும் முடியல. இப்போ சொன்னா ஏன் இத்தன நாள் சொல்லலன்னு என்னையே புடிச்சுப்பாங்களோன்னு இருக்கு. சாட்சி சொல்லாதவங்கள எல்லாரும் கல்நெஞ்சுன்னு திட்றப்போ எனக்கு நெஞ்சு அடைக்குது.

பதில்: மொதல்ல நீங்க கல்நெஞ்சு இல்லமா. கல்நெஞ்சா இருந்தா இந்த லெட்டரே வந்திருக்காது.

சாட்சிங்க வாய் திறக்கலன்னு ஊரே திட்டின கேஸ்ல ரொம்ப பிரபலமானது 1964 மார்ச்ல நியூயார்க் க்வீன்ஸ்ல கிட்டி ஜெனோவீஸ் கொலை. 38 பேர் ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாத்தாங்க, ஒருத்தரும் போலீஸுக்கு சொல்லலன்னு நியூயார்க் டைம்ஸ் எழுதுச்சு, உலகம் பூரா மனோதத்துவப் பாடமாவே ஆயிடுச்சு. பின்னாடி தோண்டிப் பாத்தா அப்படி இல்ல. நடுராத்திரி தாண்டி மூணு மணி, நிறைய பேருக்கு சத்தம் மட்டும் அரைகுறையா கேட்டுச்சு, ரெண்டாவது தாக்குதல் ஜன்னல்ல நின்னவங்க கண்ணுக்குத் தெரியாத ஒரு வாசல் உள்ளுக்குள்ள நடந்துச்சு, ஒருத்தர் ஜன்னல்ல இருந்து விடுறா அவளன்னு கத்தினதுல கொலைகாரன் முதல்ல ஓடவே ஓடிட்டான். அப்போ 911 மாதிரி ஒரு எமர்ஜென்சி நம்பரே கிடையாது. சோஃபியா ஃபரார்னு பக்கத்து வீட்டம்மா, கொலைகாரன் அங்கயே இருக்கானா இல்லையான்னு தெரியாமலே கீழ எறங்கி ஓடி, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அந்தப் பொண்ண மடியில புடிச்சிட்டு இருந்தாங்க. அந்தம்மாவப் பத்தி அந்த செய்தியில ஒரு வரி இல்ல. 2016ல அந்த பேப்பரே தான் போட்ட எண்ணிக்கை மிகைன்னு ஒத்துக்கிச்சு. ஆனா நிஜமாவே கதவத் திறந்து பாத்துட்டு மூடிட்டு, முதல்ல நண்பனுக்கு போன் போட்டு என்ன பண்றதுன்னு கேட்ட ஒருத்தரும் அங்க இருந்தார், பயந்துட்டார். கொலைகாரன் எப்படி மாட்டினான் தெரியுமா? அடுத்த வாரத்துக்குள்ளயே வேற ஏரியாவுல ஒரு வீட்ல இருந்து டிவியத் தூக்கிட்டு வந்தப்போ, பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேருக்கு சந்தேகம் வந்து, ஒருத்தர் போலீஸக் கூப்பிட இன்னொருத்தர் அவன் கார் கிளம்ப முடியாத மாதிரி எஞ்சின்ல ஒரு பாகத்தக் கழட்டிட்டார். அதையும் யாரும் பாடத்துல சேக்கல.

பயம் வரக் காரணம் இருக்கு, அத நான் மறுக்க மாட்டேன். டெல்லியில 1999ல ஜெசிகா லால் கேஸ்ல அத்தன பேர் இருந்த பார்ட்டியில அந்தப் பொண்ண சுட்டுக் கொன்னாங்க, கோர்ட்டுக்கு வந்ததும் முக்கியமான சாட்சிங்க பிறழ் சாட்சியாகி, 2006 பிப்ரவரியில குற்றம் சாட்டப்பட்ட எல்லாரும் விடுதலை. ஜனங்க கொதிச்சு, அந்த வருஷ டிசம்பர்லயே டெல்லி ஹைகோர்ட் அந்தத் தீர்ப்ப மாத்தி முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை குடுத்துச்சு. சாட்சிக்கு பாதுகாப்பு இல்லாம சத்தியம் மட்டும் வாங்கினா என்ன ஆகும்ங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சுது. 2018 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சாட்சி பாதுகாப்புத் திட்டத்த ஏத்துக்கிட்டு எல்லா மாநிலமும் பின்பத்தணும்னு சொன்னதுக்குப் பின்னாடி இப்படிப்பட்ட வருஷங்கள்தான் இருக்கு.

இப்போ நீங்க பண்ண வேண்டியது. இன்னிக்கே ஒரு பேப்பர எடுத்து, அந்த கேஸப் பத்தி இனி எதையும் படிக்காம, வீடியோ பாக்காம, உங்களுக்கு ஞாபகம் இருக்கறத மட்டும் எழுதுங்க. இருட்டா, வெளிச்சமா, எவ்வளவு தூரம், முகம் தெரிஞ்சுதா, உருவம் மட்டுமா, தெரியலன்னா தெரியலன்னே எழுதுங்க. அந்த ஓடின ஆள் யாரா இருக்கும்னு நீங்க பின்னாடி நெனச்சது தனி, அத தனியா வைங்க. அப்புறம் ஒரு வக்கீலக் கூட்டிட்டுப் போய் சொல்லுங்க. தாமதமா வர்ற சாட்சி புதுசில்ல, ஏன் தாமதம்னு கண்டிப்பா கேப்பாங்க, பயந்துட்டேன்னு சொல்லுங்க, அதுதானே உண்மை, அதுக்கு மேல அலங்காரமே வேணாம். பாதுகாப்பு வேணும்னா எழுத்து மூலமா கேளுங்க. நீங்க பாத்தது அந்த கேஸுக்கு சம்பந்தமே இல்லாத ஆளா கூட இருக்கலாம், அத எடை போடறது உங்க வேலை இல்ல.

கேள்வி: ஒரே சாட்சி மொதல்ல ஒண்ணு சொல்லிட்டு ஒரு வாரம் கழிச்சு வேற சொன்னா பொய்தானே சார்?

பதில்: பொய்யா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 1974ல மனோதத்துவ ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 150 பேருக்கு ஒரு கார் விபத்து ஃபிலிம் போட்டுக் காமிச்சு, அதுல 50 பேர்கிட்ட கார் ரெண்டும் மோதினப்போ என்ன வேகம்னும் இன்னொரு 50 பேர்கிட்ட நொறுங்கற மாதிரி இடிச்சப்போ என்ன வேகம்னும் கேட்டாங்க, மிச்சப் பேர்கிட்ட வேகத்தப் பத்தியே கேக்கல. ரெண்டாவது கூட்டம் அதிக வேகம் சொன்னாங்க, அது கூட பரவால்ல. ஒரு வாரம் கழிச்சு உடைஞ்ச கண்ணாடி பாத்தீங்களான்னு கேட்டா, முதல் கூட்டத்துல 7 பேர், ரெண்டாவதுல 16 பேர் ஆமான்னாங்க. ஃபிலிம்ல கண்ணாடியே உடையல. அந்த 16 பேரும் யாரையும் ஏமாத்தல, அவங்களுக்கு நிஜமாவே அது ஞாபகம் இருந்துச்சு. அதனாலதான் சாட்சிய முதல்ல யார் என்ன வார்த்தையில கேட்டாங்கங்கறது முக்கியம், யூடியூப்காரர் மைக்க நீட்டி ‘அந்த சேப்பு சட்டைக்காரன் தானே’ன்னு கேட்ட பிறகு அந்த சாட்சி கோர்ட்டுல எவ்வளவு நேர்மையா பேசினாலும் அந்த சேப்பு சட்டைய அவங்க மனசுல இருந்து பிரிச்செடுக்க யாராலயும் முடியாது.

கேள்வி (ஒரு ரிட்டயர்டு ஆசிரியர்): பெரிய கேஸ்ல எல்லாம் எதையோ மறைக்கிறாங்கன்னு எனக்கு தோணிட்டே இருக்கு. இத்தன பேர் பாத்தும் ஆள் கிடைக்கலன்னா, விசாரணை இவ்ளோ சொதப்பலா இருந்தா, உள்ள ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்? சதின்னு சொன்னாலே ஏன் எல்லாரும் சிரிக்கிறீங்க?

பதில்: நான் சிரிக்க மாட்டேன் ஐயா. அந்த எண்ணம் எங்கருந்து வருதுன்னு புரியுது, ஒரு பெரிய சாவுக்கு சின்ன காரணம் போதாதுன்னு மனசு சொல்லும்.

ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே, 1986 பிப்ரவரி 28 ராத்திரி, மனைவியோட சினிமா பாத்துட்டு பாதுகாவலர் இல்லாம நடந்து வர்றார், ஸ்டாக்ஹோம் நடுத்தெருவுல சுட்டுட்டு ஒருத்தன் ஓடிட்டான். இருபது பேருக்கு மேல பாத்திருக்காங்க. போலீஸ் சுத்தி வளைச்ச இடம் ரொம்ப சின்னது, சுட்ட ரெண்டு குண்டையும் அடுத்தடுத்த நாள்ல ரோட்ல போன பொதுஜனம்தான் எடுத்துக் குடுத்தாங்க. விசாரணைத் தலைவர் குர்து அமைப்பு ஒண்ணுதான் பண்ணுச்சுன்னு ஒரே புடியா நின்னு, ஒண்ணும் கிடைக்காம 1987ல விலகினார். அடுத்து எப்பே கார்ல்சன்னு ஒரு புத்தகப் பதிப்பாளர் தனியா துப்பறியக் கெளம்பினார், அவருக்கு சட்ட அமைச்சரே பின்னாடி இருந்து ஆதரவு, ஒட்டுக் கேக்குற கருவிய நாட்டுக்குள்ள கடத்திட்டு வந்தப்போ கஸ்டம்ஸ்ல மாட்டி, 1988ல அமைச்சர் பதவியே போச்சு. 1989ல ஒருத்தருக்கு தண்டனை ஆகி அப்பீல்ல விடுதலை, பால்மேவோட மனைவி அவர அடையாளம் காட்டியும், அந்த அடையாள அணிவகுப்புக்கு முன்னாடியே சந்தேக ஆள் குடிகாரர்ங்கற தகவல் அவங்க காதுக்குப் போயிருந்ததால அத நம்ப முடியலன்னு ஆச்சு. நூத்துக்கு மேல பேர் நான்தான் சுட்டேன்னு வந்து நின்னிருக்காங்க. 2020ல அரசு வழக்கறிஞர் ஒரு பேரச் சொல்லி கேஸ மூடினார், அந்த ஆள் அன்னிக்கு ராத்திரி சாட்சியா வந்து நின்னவர், செத்து இருபது வருஷம், பதில் பேச வாயில்ல.

இத்தன சொதப்பலயும் மேல இருந்து பாத்தா யாரோ திட்டம் போட்டு செஞ்ச மாதிரி இருக்கும். கிட்ட வந்து பாத்தா ஒவ்வொரு சொதப்பலுக்கும் தனித்தனி ஆள், தனித்தனி காரணம், அவசரம், ஈகோ, சோம்பல். சொதப்பல மறைக்கவும் செய்வாங்க, அது உண்மை, ஆனா அவங்க மறைக்கிறது பெரும்பாலும் தங்களோட சொதப்பலத்தான், கொலைகாரன இல்ல.

அப்புறம் சின்ன விநோதங்க. 1963 நவம்பர் 22, டல்லாஸ்ல கென்னடி சுடப்பட்ட இடத்துல, நல்ல வெயில்ல ஒருத்தர் கறுப்புக் குடைய விரிச்சிட்டு நின்னார். பதினஞ்சு வருஷம் அந்த குடைதான் சிக்னல், குடைக்குள்ள ஆயுதம்னு என்னென்னமோ சொன்னாங்க. 1978ல நாடாளுமன்றக் குழு முன்னாடி அந்த மனுஷன் குடையோட வந்து உக்காந்தார். கென்னடியோட அப்பா 1930கள்ல ஹிட்லருக்கு விட்டுக் குடுத்துப் போன பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினை ஆதரிச்சவர், சேம்பர்லினுக்கு அடையாளம் குடை, அதக் காட்டி வெறுப்பேத்தத்தான் வந்தேன்னார். இப்படி ஒரு காரணத்த யாராலயாவது ஊகிச்சிருக்க முடியுமா? அதே குழு 1979ல, போலீஸ் மோட்டார் சைக்கிள் மைக்ல பதிவான சத்தத்த வெச்சு நாலாவது குண்டு இருந்துச்சு, அதனால அநேகமா சதிதான்னு அறிக்கை விட்டுச்சு. அந்த ஒலிப்பதிவ ஒரு பத்திரிகை மெல்லிய இசைத்தட்டா இலவசமா குடுத்துச்சு, ஒஹாயோவுல ஸ்டீவ் பார்பர்னு ஒரு டிரம்ஸ் வாசிக்கறவர் அத திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டப்போ, குண்டுச் சத்தம்னு சொன்ன அதே இடத்துல ஷெரிஃபோட (அந்தப் பகுதி காவல் அதிகாரியோட) குரல் லேசா கேட்டுச்சு, அந்தப் பேச்சு சுட்டு சுமார் ஒரு நிமிஷம் கழிச்சுப் பேசினது. 1982ல தேசிய அறிவியல் அகாடமி அத உறுதிப்படுத்தி, அந்த சத்தங்க துப்பாக்கிச் சத்தமே இல்லன்னு சொல்லிடுச்சு. டிரம்ஸ் வாசிச்ச காது எவ்வளவு பெரிய வேலை பண்ணிருக்கு பாருங்க ஐயா, எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப மரியாதை அவர் மேலதான்.

கேள்வி: அப்போ உண்மையான சதியே உலகத்துல கிடையாதா?

பதில்: இருக்கு. 1894ல பிரான்ஸ்ல கேப்டன் டிரைஃபஸ் ஜெர்மனிக்கு உளவு சொன்னார்னு தண்டிச்சு தீவுக்கு அனுப்பினாங்க, அவர் குற்றவாளி இல்லன்னு தெரிஞ்ச பிறகும் ராணுவ அதிகாரிங்க பொய் ஆவணம் தயாரிச்சு மூடினாங்க, அது அசல் சதி. உடைஞ்சது எப்படி? அண்ணன் மாத்யூ அந்த உளவுக் கடிதத்தோட அச்சுப் பிரதிய தெருவுல வித்தார், அத வாங்கிப் பாத்த ஒரு பங்குத் தரகருக்கு இது நம்ம கஸ்டமர் எஸ்டர்ஹேசி கையெழுத்தாச்சேன்னு பட்டுது. பொய் ஆவணத்த 1898ல விளக்கு வெளிச்சத்துல புடிச்சுப் பாத்த ஒரு அதிகாரிக்கு, ரெண்டு வேற வேற பேப்பர ஒட்டினது கோட்டோட நிறத்துல தெரிஞ்சு போச்சு. சதின்னு சொல்றவங்ககிட்ட நான் கேக்குறது இது மட்டும்தான், எந்த பேப்பர், எந்தக் கையெழுத்து, யார் போய்ப் பாத்தா சரிபாக்கலாம்?

கேள்வி: ஜாக் தி ரிப்பர் யார் சார்? உங்க ஊகம் என்ன?

பதில்: என்கிட்ட ஊகம் இல்ல. 1888ல லண்டன்ல அந்தக் கொலைகாரன் கையில கொல்லப்பட்டவங்க ஏழைப் பொண்ணுங்க, அவங்களப் பத்தி கேளுங்க, எழுதறேன். சாட்சி விஷயத்துக்கு ஒரு தகவல் சொல்லணும்னா, அப்போ பெரிய போலீஸ் அதிகாரியா இருந்த ராபர்ட் ஆண்டர்சன் 1910ல எழுதின நினைவுக் குறிப்புல, கொலைகாரன நல்லா பாத்த ஒரே சாட்சி அவன அடையாளம் காட்டிட்டு, கோர்ட்டுல சொல்ல மாட்டேன்னு மறுத்துட்டார்னு இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல அந்த சாட்சி யாருன்னு சண்டை நடக்குது.

கேள்வி (ஒரு பாட்காஸ்ட் நடத்துறவர்): ஒரு பழைய கேஸ்ல முக்கியமான ஒருத்தங்க பேசவே மாட்டேங்கறாங்க. எதையும் மறைக்கலன்னா ஏன் பேச மாட்டேங்கணும்? அவங்க மௌனத்தயே ஒரு எபிசோடா போடலாம்னு இருக்கேன்.

பதில்: போடறதுக்கு முன்னாடி ஆஸ்திரேலியாவுல நடந்தத படிங்க. 1948 டிசம்பர் 1, அடிலெய்டு சோமர்ட்டன் கடற்கரையில சூட் போட்ட ஒரு ஆள் செத்துக் கெடந்தார். துணியில லேபிள் இல்ல, பாக்கெட்ல உமர் கயாமோட ருபாயியாத்ங்கற கவிதைப் புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல இருந்து கிழிச்ச ‘முடிந்தது’ன்னு அர்த்தம் வர்ற ஒரு துண்டு. அந்தப் புத்தகம் கிடைச்சப்போ பின்னாடி புரியாத எழுத்து வரிசையும், பக்கத்துல குடியிருந்த ஒரு நர்ஸோட போன் நம்பரும் இருந்துச்சு. போலீஸ் அவங்ககிட்ட போனாங்க, எனக்குத் தெரியாதுன்னாங்க, என் பேர வெளிய விடாதீங்கன்னு கேட்டாங்க, செத்தவரோட பிளாஸ்டர் சிலையக் காட்டினப்போ மயக்கம் வர்ற மாதிரி ஆயிட்டாங்கன்னு குறிப்பு. அவ்வளவுதான், எழுபது வருஷத்துக்கு கதை. அவர் ரஷ்ய உளவாளி, இவங்களும் உளவாளி, இவங்க பையனுக்கு அவர்தான் அப்பா, காதப் பாரு பல்லப் பாருன்னு. அந்தம்மா செத்த பிறகும் விடல, பையன் செத்த பிறகும் விடல.

2022ல டெரெக் அபாட்ங்கற பேராசிரியரும் மரபுவழி ஆய்வாளர் காலீன் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் அந்த பிளாஸ்டர்ல ஒட்டியிருந்த முடியில இருந்து டி.என்.ஏ. எடுத்து, அவர் மெல்போர்ன்ல பொறந்த கார்ல் வெப், மின்கருவி செய்யற வேலைக்காரர்னு அறிவிச்சாங்க. அந்த பையனோட வாரிசு டி.என்.ஏ.வுக்கும் வெப்புக்கும் உறவே இல்ல. நர்ஸ் ஏன் அப்படி பயந்தாங்க? அப்போ அவங்க விவாகரத்து முடியாத ஒருத்தரோட, கல்யாணம் ஆகாம, கைக்குழந்தையோட குடும்பம் நடத்திட்டு இருந்தாங்க. 1949ல ஒரு பொண்ணுக்கு போலீஸ் வாசல்ல நிக்கறதுக்கு பயப்பட அதுவே போதும்.

பேச மறுக்கறவங்களுக்கு காரணம் பெரும்பாலும் அந்தக் குற்றத்துல இருக்காது, அவங்க வாழ்க்கையில வேற எங்கயோ இருக்கும், அத உங்ககிட்ட சொல்லணும்னு அவங்களுக்கு கடமை இல்ல. ஒரு தடவ எழுத்துல கேளுங்க, வேணாம்னா விட்டுடுங்க, அவங்க மறுத்தாங்கங்கறதக் கூட நிகழ்ச்சியில சொல்லாதீங்க.

கேள்வி (ஒரு அம்மா): என் தம்பிய கொன்னவங்க யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அந்த ரணத்துலயே இருக்கறப்போ முன்பின் தெரியாத பசங்க போன் பண்ணி எங்க வீட்டு ஆள் மேலயே சந்தேகம் சொல்றாங்க. எல்லாரையும் விரட்டிட்டா எதாவது உண்மையான தகவலும் போயிடுமோன்னு பயமாவும் இருக்கு. என்ன பண்ணட்டும்?

பதில்: அம்மா, நீங்க யார் போனையும் எடுக்க வேண்டியதில்ல. வீட்ல நிதானமா பேசக்கூடிய ஒருத்தர, சொந்தக்காரரோ வக்கீலோ, ஒரே ஆளா வைங்க, அதுக்குன்னு தனியா ஒரு மெயில் ஐடி ஆரம்பிங்க, யார் கூப்பிட்டாலும் இருக்கறத அதுல எழுதி அனுப்புங்கன்னு ஒரு வரி மட்டும் சொல்லி வெச்சுடுங்க. நிஜமான தகவல் உள்ளவங்க எழுதுவாங்க. வந்தத நீங்க படிக்கவே வேணாம், அவர் பாத்து விசாரணை அதிகாரிக்கு அனுப்பட்டும், உங்க வீட்டு ஆள் மேல சந்தேகம் சொல்ற கடிதமா இருந்தாலும் சரி, அது அவர் கண்ணோட நிக்கட்டும், உங்களுக்கு வர வேணாம்.

உங்க சக்திய செலவு பண்ண வேண்டிய இடம் வேற ஒண்ணு இருக்கு. கலிஃபோர்னியாவுல 1970கள், 80கள்ல பதிமூணு பேரக் கொன்ன ஜோசப் டி ஆஞ்சலோவ 2018ல புடிச்சாங்க, முன்னாள் போலீஸ்காரர். எத்தனையோ பேர் வருஷக்கணக்கா துப்பறிஞ்சாங்க, கடைசியில வழி திறந்தது வென்ச்சுராவுல 1980ல நடந்த ஒரு ரெட்டைக் கொலையில எடுத்து பத்திரமா வெச்சிருந்த தடயத்தால. அதோட டி.என்.ஏ.வ மரபுவழித் தகவல் தளத்துல போட்டு தூரத்து சொந்தக்காரங்களக் கண்டுபிடிச்சு, அங்கருந்து குடும்ப மரத்த வரைஞ்சு கீழ எறங்கி வந்தாங்க. அந்தத் தடயத்த நடுவுல எவனாவது இடம் அடைக்குதுன்னு தூக்கிப் போட்டிருந்தா இன்னிக்கும் அவர் வெளிய இருந்திருப்பார்.

அதனால உங்க தம்பி கேஸ்ல அன்னிக்கு கைப்பத்தின துணி, பொருள், ரத்த மாதிரி எல்லாம் இப்போ எந்த அறையில, யார் பொறுப்புல, எந்த நிலைமையில இருக்குன்னு எழுத்து மூலமா கேளுங்க. கேஸ் முடியாம எதையும் அழிக்கக் கூடாதுன்னும் அதே கடிதத்துல எழுதுங்க, தேவைப்பட்டா வக்கீல் மூலமா கோர்ட்டுலயே உத்தரவு கேளுங்க. புதுசா டி.என்.ஏ. சோதனை பண்ண முடியுமான்னு ரெண்டாவது கடிதத்துல கேளுங்க, ரெண்டையும் ஒண்ணா எழுதினா ஒண்ணுக்குத்தான் பதில் வரும். ரசீத பத்திரமா வைங்க. கடிதம் எழுத உதவி வேணும்னா இந்தப் பகுதிக்கே எழுதுங்கம்மா, நான் உக்காந்து எழுதித் தரேன்.